கணுக்காலில் விழும் எடை: என்.எஃப்.எல். ‘ஹிப்-டிராப்’ டேக்கிள் தடை, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை இரவு. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் ஓர் ஆட்டம். பால்டிமோர் எம் அண்ட் டி பேங்க் மைதானத்தில் ரேவன்ஸ் அணியும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியும் மோதுகின்றன. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. ரேவன்ஸின் டைட் எண்ட் (பந்தைப் பிடித்து ஓடும் தாக்குதல் வீரர்) மார்க் ஆண்ட்ரூஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு கோல் கோட்டை நோக்கி ஓடுகிறார். பெங்கால்ஸின் தடுப்பு வீரர் (லைன்பேக்கர்) லோகன் வில்சன் பின்னாலிருந்து எட்டிப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, முழு எடையோடும் கீழே விழுகிறார். அந்த எடைக்குக் கீழே ஆண்ட்ரூஸின் கணுக்கால் மாட்டிக்கொள்கிறது. ஃபிபுலா எலும்பில் விரிசல், தசைநார்களிலும் சேதம். நடுவர் யாரும் தவறைக் குறிக்கும் கொடியை வீசவில்லை. வீச வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அன்றைய விதிப்படி அது முறையான டேக்கிள்தான்.

ஆண்ட்ரூஸ் மறுபடி களமிறங்கியது 2024 ஜனவரி 28 அன்று, லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான ஏ.எஃப்.சி.-யின் இறுதி ஆட்டத்தில். அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 25 அன்று ஆர்லாண்டோவில் கூடிய 32 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக வாக்களித்து இந்த ‘ஹிப்-டிராப்’ டேக்கிளைத் தடை செய்தார்கள். வீரர் சங்கம் அதற்கு முன்பே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. எலும்பு உடைவது வீரர்களுக்கு. காப்பாற்றுகிறோம் என்று சொல்லி விதி போடுகிறவர்கள் உரிமையாளர்கள். அந்த விதியை வேண்டாம் என்றவர்களும் வீரர்களே. இது எப்படி நேர்ந்தது, எந்தத் தரப்பின் வாதம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

டேக்கிளின் உடற்கூறு

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். பந்தோடு ஓடுகிறவரைத் தரையில் சாய்த்தால் அந்த வாய்ப்பு அங்கேயே முடியும். சாய்ப்பதுதான் டேக்கிள்.

ஹிப்-டிராப் பெரும்பாலும் துரத்திப் பிடிக்கும்போது நடப்பது. எதிரே வருகிறவரைத் தோளால் முட்டி நிறுத்தலாம். முன்னே ஓடுகிறவரை அப்படி நிறுத்த முடியாது. துரத்துகிறவர் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்து, ஓடுகிறவரின் இடுப்பையோ மேலுடலையோ இரு கைகளாலும் வளைக்கிறார். ஓடுகிறவர் நிற்காமல் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார். அப்போது துரத்தியவர் தன் கால்களைத் தரையிலிருந்து எடுத்து, இடுப்பைப் பக்கவாட்டில் சுழற்றி, உடலைத் தொங்கவிடுகிறார். 100 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒரே நொடியில் கீழே இறங்குகிறது. இறங்கும் இடம் பெரும்பாலும் ஓடுகிறவரின் கெண்டைக்கால், அல்லது குதிகாலுக்குச் சற்று மேலே.

அந்தக் கணத்தில் ஓடுகிறவரின் பாதம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். பாதம் காற்றில் இருந்தால் கால் வழுக்கி விலகிவிடும். சிராய்ப்போடு எழுந்து போவார். பாதம் தரையில் ஊன்றி, ஷூவின் முள் மண்ணில் பதிந்திருந்தால் விலகுவதற்கு வழி கிடையாது. பாதம் நின்ற இடத்தில் நிற்கும். மேலே இருக்கும் கால் முன்னுக்கும் பக்கவாட்டுக்கும் திருகப்படும். முழங்காலுக்குக் கீழே டிபியா, ஃபிபுலா என்ற இரண்டு எலும்புகளையும் கணுக்காலுக்கு மேல் சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநார்கள்தான் அந்தத் திருகலை வாங்குகின்றன. அவை கிழிந்தால் அதை ‘உயர் கணுக்கால் சுளுக்கு’ என்கிறார்கள். பெயரில் சுளுக்கு என்று இருப்பதால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணச் சுளுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கும். இதற்குப் பல வாரங்கள் தேவை. இரண்டு எலும்புகளும் விலகிவிட்டால் அறுவை சிகிச்சையில் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். விசை இன்னும் அதிகமானால் ஃபிபுலாவே முறியும். எடை சற்று மேலே விழுந்தால் முழங்காலின் உட்பக்கத் தசைநாருக்கு ஆபத்து.

ஆண்ட்ரூஸ் காயம்பட்டதற்கு முந்தைய பருவத்தின் பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று) ஆட்டங்களில் இரண்டு நாட்களுக்குள் இப்படி இரண்டு காயங்கள். 2023 ஜனவரி 21 அன்று கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸுக்கு உயர் கணுக்கால் சுளுக்கு. நொண்டிக்கொண்டே ஆடி, அடுத்த மாதம் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றார். மறுநாள் டல்லாஸ் கவ்பாய்ஸின் டோனி போலார்டுக்கு ஃபிபுலா முறிவு, கூடவே கணுக்கால் சேதம். அவருக்குப் பருவம் அத்தோடு முடிந்தது.

விதியின் வாசகம்

முதலில் எல்லா வகை ஹிப்-டிராப்பையும் தடுப்பது பற்றித்தான் பேச்சு. ஆஸ்திரேலிய ரக்பி லீகில் இதற்குத் தண்டனை உண்டு. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும் எல்லா டேக்கிளையும் வாசகம் வாரிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் இருந்தது. அதனால் ரிச் மெக்கே தலைமையிலான விதிக்குழு வாசகத்தைச் சுருக்கியது. மூன்று அம்சங்கள் சேர்ந்தால்தான் தவறு:

ஓடுகிறவரை இரு கைகளாலும் பற்றியிருக்க வேண்டும் அல்லது வளைத்திருக்க வேண்டும். இடுப்பையோ கீழுடலையோ சுழற்றி, எடையைத் தரையிலிருந்து விடுவித்து விழ வேண்டும். விழுந்தபின் ஓடுகிறவரின் காலை, முழங்காலிலோ அதற்குக் கீழோ, அழுத்திச் சிறைபிடித்திருக்க வேண்டும்.

ஒன்று குறைந்தாலும் தவறு இல்லை. ஒற்றைக் கையால் சட்டையைப் பிடித்து இழுத்து விழலாம். சுழலாமல் நேராகத் தரையில் சரியலாம். சுழன்று விழுந்தாலும் ஓடுகிறவரின் காலுக்கு அப்பால் விழுந்தால் கேள்வி இல்லை. தண்டனை 15 யார்டு, அதோடு தாக்கும் அணிக்குத் தானாகவே புதிய முதல் வாய்ப்பு.

இந்தச் சுருக்கத்தைப் படிக்காமலே பலர் விவாதத்தில் இறங்கினார்கள். ‘இனி டேக்கிளே கூடாது’, ‘இடுப்பில் கொடி கட்டிக்கொண்டு ஆட வேண்டியதுதான்’ (டேக்கிளுக்குப் பதில் கொடியைப் பிடுங்கும் ஆட்டம்) என்ற கூச்சலுக்கு வாசகத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

எண்கள் எவ்வளவு தாங்கும்?

லீக் முன்வைத்த கணக்கு இது: இரண்டு பருவங்களில் சுமார் 20,000 டேக்கிள்களின் காணொளியைப் பார்த்தார்கள். 2023 பருவத்தில் மட்டும் 230 முறை இந்த உத்தி பயன்பட்டது. அவற்றால் 15 வீரர்கள் ஆட்டங்களைத் தவறவிட்டார்கள். மற்ற டேக்கிள்களோடு ஒப்பிட்டால் காயம் படும் விகிதம் 20 முதல் 25 மடங்கு.

230-க்கு 15 என்றால் நூற்றுக்கு ஆறரை. ஆட்டத்தில் வேறு எந்த வழக்கமான செயலுக்கும் இப்படி ஒரு விகிதம் இருந்தால் அதை ஒரு வாரம்கூட யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்த எண்ணிக்கையில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். காயம் பட்ட ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் இருக்கும் ஹிப்-டிராப் தப்பாமல் கணக்கில் ஏறும். ஒன்றும் ஆகாத ஆயிரம் டேக்கிள்களுக்குள் அதே அசைவு ஒளிந்திருந்தால் கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். அப்படி விடுபட்டால் விகிதம் செயற்கையாக உயரும். வாதத்துக்காக, உண்மையில் நடந்தது இரு மடங்கு, 460 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நூற்றுக்குச் சுமார் 3.3 ஆக இறங்கும். ஒப்பீடு 10 முதல் 12 மடங்காகக் குறையும். அப்போதும் தடைக்கான காரணம் அப்படியே நிற்கிறது. எண்ணில் சந்தேகம் இருக்கலாம், அது காட்டும் திசையில் சந்தேகம் இல்லை.

வீரர் சங்கம் சொன்னது

சங்கத்தின் எதிர்ப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயம் அல்ல. அதில் மூன்று வேறு வேறு கவலைகள் கலந்திருந்தன.

முதலாவது, குழப்பம். வீரர், பயிற்சியாளர், நடுவர், பார்வையாளர் எல்லோரையும் இந்த விதி குழப்பும் என்றார்கள். ஒரு நொடிக்குள் முடிகிற அசைவில் மூன்று அம்சங்களை, குவியலாக விழும் உடல்களுக்கு நடுவே, நடுவர் பிரித்துப் பார்க்க வேண்டும். கால் உண்மையிலேயே அழுத்தப்பட்டதா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு கோணத்தில்தான் தெரியும். இந்தக் கவலை முழுக்க உண்மையானது.

இரண்டாவது, வேறு வழி இல்லை என்பது. தலையால் முட்டக் கூடாது. கழுத்துப்பட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கக் கூடாது. பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் முழங்காலில் மோதக் கூடாது, அவர் மேல் முழு எடையோடு விழவும் கூடாது. மிச்சம் இருந்த வழிகளில் இன்னொன்றையும் அடைத்துவிட்டால் 86 கிலோ கார்னர்பேக் (பின்வரிசைத் தடுப்பு வீரர்) 112 கிலோ எடையுள்ள ஓட்ட வீரர் டெரிக் ஹென்றியைப் பின்னாலிருந்து எப்படி நிறுத்துவார்? கேள்வி நேர்மையானது. பதில் கீழே வருகிறது.

மூன்றாவது கவலை சங்கத்தின் எதிர்ப்பு அறிக்கையைத் தாண்டியது, ஆனால் எதிர்ப்பின் வேர் அங்கேதான். கால்களைக் காப்பாற்ற வேண்டுமானால் செயற்கைப் புல்தரையை மாற்றுங்கள் என்று சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது. 2012 முதல் 2018 வரையிலான காயத் தரவின்படி, யாரும் மோதாமலேயே வரும் கீழுடல் காயங்கள் செயற்கைத் தரையில் 28 சதவீதம் அதிகம் என்றும், பாதம், கணுக்கால் காயங்கள் 69 சதவீதம் அதிகம் என்றும் சங்கத் தலைவராக இருந்த ஜே.சி. டிரெட்டர் 2020-ல் எழுதினார். தரையை மாற்றப் பணம் செலவாகும்; அது உரிமையாளர் பணம். டேக்கிளைத் தடை செய்ய ஒரு காசும் ஆகாது, மீறினால் அபராதம் வீரர் சம்பளத்தில் பிடிக்கப்படும். இப்படி ஒரு நிலைமையில் விதியைப் பாதுகாப்பு என்று வீரர்கள் நம்ப மறுத்தால் அதில் வியப்பு என்ன?

ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பவும் கூடாது. ஆண்ட்ரூஸ், மஹோம்ஸ், போலார்டு மூவருமே காயம்பட்டது இயற்கைப் புல்லில். பால்டிமோர், கன்சாஸ் சிட்டி, சான்டா கிளாரா மூன்று மைதானங்களிலும் அசல் புல்தான். செயற்கைத் தரையின் கேடு, ஓடுகிறவர் தானாகத் திரும்பும்போது பாதம் விடுபடாமல் போவதில் இருக்கிறது. ஹிப்-டிராப்பில் பாதத்தைப் பிடித்து வைப்பது மேலே விழுந்த ஆளின் எடை. எந்தப் புல்லும் அதை விடுவிக்காது. தரையை மாற்றச் சொல்லும் கோரிக்கை சரி. அதை இந்தத் தடைக்கு மாற்றாக வைப்பது சரியல்ல.

2005-ன் முன்னுதாரணம்

இதே வாதங்கள் அப்படியே ஒருமுறை ஓடி முடிந்திருக்கின்றன. 2004 பருவத்தில் டல்லாஸின் பின்வரிசைத் தடுப்பு வீரர் (சேஃப்டி) ராய் வில்லியம்ஸ் பின்னாலிருந்து தோள்பட்டைக் கவசத்தின் உள்விளிம்பைப் பிடித்து இழுத்துச் சாய்ப்பார். ‘ஹார்ஸ்-காலர்’ என்று அதற்குப் பெயர். அந்த டிசம்பர் 19 அன்று பிலடெல்பியாவின் டெரல் ஓவன்ஸின் ஃபிபுலா அப்படித்தான் முறிந்தது. 2005-ல் உரிமையாளர்கள் 27-5 என்று வாக்களித்துத் தடை செய்தார்கள். வேறு எப்படிப் பிடிப்பது என்று அன்றும் கேட்டார்கள்.

முதல் ஆண்டு வாசகம் மிகக் குறுகலாக இருந்தது. கவசத்தைத் தொடாமல் சட்டைக் காலரைப் பிடித்தால் தப்பிக்கலாம். 2006-ல் சட்டைக் காலரையும் சேர்த்தார்கள். 2016-ல் முதுகில் பெயர் எழுதிய பட்டைப் பகுதியையும் சேர்த்தார்கள். 2007-ல் அதே வில்லியம்ஸ் ஒரே பருவத்தில் மூன்றாவது முறை மீறியபோது ஓர் ஆட்டம் தடைபெற்றார். ஆட்டம் அழிந்துவிடவில்லை. துரத்துகிறவர்கள் கையைக் கீழே இறக்கக் கற்றுக்கொண்டார்கள்.

எல்லா முன்னுதாரணமும் இவ்வளவு நன்றாக முடிந்ததில்லை. தலைத் தாக்குதலுக்கு அபராதங்கள் கூடிய பிறகு, 2013-ல், அடி கீழே இறங்கியது. ஆகஸ்டில் மயாமியின் டஸ்டின் கெல்லர், டிசம்பரில் நியூ இங்கிலாந்தின் ராப் கிரான்கவுஸ்கி இருவரும் முழங்காலில் அடிவாங்கி விழுந்தார்கள். அடித்த இருவருமே மேலே அடித்தால் அபராதம், அதனால் கீழே போனோம் என்ற பொருளில் பேசினார்கள். ஒரு பகுதியைத் தடை செய்துவிட்டு மாற்று உத்தியைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் காயம் இடம்தான் மாறும். 2024 தடையைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

கால் நின்றால்தான் இடுப்பு விழுகிறது

‘அந்த நொடியில் வில்சன் வேறு என்ன செய்திருக்க முடியும்?’ என்ற கேள்வி விவாதத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அந்த நொடியை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதே உண்மையான பதில். கைகள் உயரமாகப் போய், கால்கள் நின்று, உடல் இழுபட ஆரம்பித்துவிட்டால் மிச்சம் இருப்பது விடுவது அல்லது விழுவது. திருத்த வேண்டிய இடம் அதற்கு இரண்டு, மூன்று அடிகள் முன்னால் இருக்கிறது.

சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த பீட் கேரல் ரக்பியிலிருந்து எடுத்து, 2014-ல் காணொளியாகவே வெளியிட்ட தோள் டேக்கிள் முறை இதற்கு நல்ல அடிப்படை. துரத்தும்போது அது இப்படி நடக்கும்.

கண் ஓடுகிறவரின் அருகிலுள்ள இடுப்பில் இருக்க வேண்டும். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவார். நேர் பின்னால் ஓடாமல் அரை உடல் உள்பக்கமாகத் தள்ளி ஓட வேண்டும். அப்போதுதான் அவர் திரும்பும் வழி ஒன்றாகக் குறையும். கடைசி இரண்டு யார்டில் அடிகளைச் சிறிதாக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: தூரம் போதாதபோது கையை நீட்டி எட்டுவார்கள். நீட்டிய கை மேலே போகும், பின்னால் கால் நிற்கும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஹிப்-டிராப்புக்கான தயாரிப்பு.

தொடும்போது எந்தத் தோள் படுகிறதோ அதே பக்கத்துப் பாதம் அருகில் ஊன்ற வேண்டும். தோள் படும் இடம் தொடை. தலை ஓடுகிறவரின் உடலுக்குப் பின்பக்கம். பழைய பயிற்சியில் தலையை அவர் முன்னால் குறுக்கே வைக்கச் சொல்வார்கள், அது கழுத்துக்கே ஆபத்து. இரு தொடைகளையும் சேர்த்து இறுக்கிய பிறகு தன் கால்களை ஓட்டிக்கொண்டே இருக்கலாம், அல்லது பக்கவாட்டில் உருளலாம். உருளும்போது இருவரின் எடையும் ஒரே திசையில் போகிறது. ஓடுகிறவரின் பாதங்கள் தரையிலிருந்து கிளம்பிவிடுகின்றன. ஊன்றிய பாதம் இல்லை என்றால் திருகல் இல்லை. பாதுகாப்பின் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

86 கிலோ கார்னர்பேக் கேள்விக்கும் இதுதான் பதில். ஹென்றியின் இடுப்பில் தொங்கினால் அவர் இழுத்துக்கொண்டு போவார். தொடைகளைச் சேர்த்துக் கட்டி உருண்டால் எடை வித்தியாசம் பெரிதாகப் பேசாது. சில நேரம் ஒன்றிரண்டு யார்டு கூடுதலாகப் போகத்தான் செய்யும். அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

சிக்கல், இதைப் பழகும் நேரம். வீரர்களின் உடலைக் காக்க 2011 ஒப்பந்தம் முதல் பருவ காலத்தில் கவசம் அணிந்த பயிற்சி 14 நாளுக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அதை உடைக்க யாரும் கேட்கக் கூடாது. மனிதரை மனிதர் மோதாமலே பழகலாம். டார்ட்மவுத் கல்லூரியில் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010-லேயே பயிற்சியில் ஆள் மீது டேக்கிள் செய்வதை நிறுத்தினார். அங்கே உருவான, தொலைவிலிருந்து இயக்கப்படும் நகரும் பொம்மை பிறகு என்.எஃப்.எல். அணிகளுக்கும் வந்தது. உருண்டு போகும் பெரிய நுரை வளையத்தைத் துரத்திப் பிடித்து உருள்வது இன்னும் எளிது. வேகம், கோணம், கடைசி இரண்டு யார்டு மூன்றையும் அதில் பழகலாம்.

அமலாக்கம் எங்கே சறுக்குகிறது

களத்தில் இதற்குக் கொடி வீசுவது கடினம், எல்லா அம்சமும் கண்ணில் பட்டால்தான் வீச வேண்டும் என்பதை மெக்கே தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டார். தலையைத் தாழ்த்தி முட்டுவதற்கான 2018 விதியைப் போல, ஆட்டம் முடிந்த பிறகு காணொளி பார்த்து எச்சரிக்கை, அபராதம் என்ற வழியில்தான் இது பெரும்பாலும் நடக்கும் என்று சொல்லப்பட்டது. 2024 பருவத்தில் நடந்ததும் அதுவே. களத்தில் கொடி விழுவது மிக அரிது. தண்டனை வார இறுதி அபராதப் பட்டியலில் வந்தது.

தவறான கொடியால் ஆட்டம் கெடுவதைவிட இது மேல் என்று லீக் நினைக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் விளைவு என்னவென்றால் 15 யார்டு என்ற தண்டனை தாளில் மட்டும் இருக்கிறது. 15 யார்டு அணியைப் பாதிக்கும். பயிற்சியாளர் அடுத்த நாளே அந்த வீரரை உட்காரவைத்துப் பேசுவார். அபராதம் முதலில் பாதிப்பது தனி வீரரை, அதிலும் குறைந்த சம்பளத்தில் ஆடுகிற பின்வரிசை ஆளை. வீரர்களின் மொத்த அபராதம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணியும் பங்கு கட்டும் கொள்கை லீகில் இருக்கிறது. கையை மேலே வைத்து எட்டிப் பிடிக்கப் பழக்கிய பயிற்சியாளரை இது எதுவும் தொடுவதில்லை.

விதியைத் தளர்த்த வேண்டியதில்லை. அணிகள் கட்டும் பங்கை ஹிப்-டிராப்புக்கு முதல் அபராதத்திலிருந்தே தொடங்கலாம். அபராதம் போட்ட ஒவ்வொரு டேக்கிளின் காணொளியையும், மூன்று அம்சங்களும் எங்கே நிறைவேறின என்ற குறிப்போடு, 32 அணிகளுக்கும் அந்த வாரமே அனுப்பலாம். 20,000 டேக்கிள்களை எப்படி வகை பிரித்தார்கள் என்ற முறையையும் மூலக் காணொளிப் பட்டியலையும் வீரர் சங்கத்தின் மருத்துவர்கள் சரிபார்க்கக் கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய விதி வேண்டாம், உரிமையாளர் கூட்டத்தில் 24 வாக்கு திரட்டவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் 2024 மார்ச்சுக்கு முன்பே செய்திருந்தால், சங்கம் ஆதரித்தே வாக்கெடுப்புக்குப் போயிருக்கக்கூடிய விதி இது.